ஊர் வாட்சாப் குழுவா, ஃபேஸ்புக் தையல் குழுவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே தனியாளாக ஆரி பிளவுஸ் (கொக்கி ஊசியால் பூவேலை செய்தது) தைப்பவருக்கு, ஆர்டர் பிடிக்க ஊர் வாட்சாப் குழுதான் கைக்கு அருகில் இருக்கிறது. தோட்டத்துச் சொந்தபந்தம், கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் எல்லாரும் அதில்தான். படம் போட்டால் அன்றைக்கே "எவ்ளோக்கா?" என்பார்கள். அடுத்த வரியிலேயே "நம்ம ஆளுங்களுக்குக் கொஞ்சம் குறைங்க". ஒரு குழுவில் 1024 பேர்வரை சேரலாம், அது தாராளம். காலை வணக்கப் படங்களுக்கும் இரங்கல் செய்திகளுக்கும் அடியில் உங்கள் பிளவுஸ் மாலைக்குள் புதைந்துபோவதுதான் தொல்லை.

ஃபேஸ்புக்கில் தையல், மணப்பெண் அலங்காரம் என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. மலாய் மொழியிலும் தேடிப் பாருங்கள். சேர்ந்ததும் விலைப்பட்டியலை ஒட்டாதீர்கள், அட்மின் தூக்கிவிடுவார். "துவைத்ததும் லைனிங் சுருங்கிவிட்டது" என்று யாராவது புலம்பினால், காட்டன் லைனிங்கை வெட்டுமுன் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடச் சொல்லுங்கள், படத்தோடு. அந்தப் பதில் குழுவிலேயே கிடக்கும். பல மாதம் கழித்து அதே சந்தேகத்தைத் தேடும் கிள்ளான் மணப்பெண் கண்ணிலும் படும்.

அளவெடுக்க அவரைப் பேராக்குக்கு வரச் சொல்ல முடியாதே! நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள்.

தீபாவளி நேரத்துச் சாதாரணத் தையலுக்கு ஊர்க் குழு போதும். ஆரி வேலைக்கு உரிய கூலி வேண்டுமென்றால் நான் ஃபேஸ்புக் குழுவின் பக்கம்தான், தினமும் உட்கார்ந்து பதில் எழுதப் பொறுமை இருந்தால்.