கூடாரத்தை யார் சுமப்பது? தென் ஐரோப்பாவில் மூன்று சைக்கிள் பயணங்கள்

2021 செப்டம்பரில் தென் பிரான்சின் கனால் டு மிடி கால்வாய்க்கரை. 2022 ஜூனில் இத்தாலியின் லிகூரியக் கடற்கரையும் போ ஆற்றங்கரையும். 2023 செப்டம்பரில் திரியெஸ்தேயிலிருந்து குரோவாசியாவின் போரெச் வரை. நானும் மனைவியும் தவணை முறையில் ஓட்டியது எல்லாம் சேர்த்தாலும் பெரிய சாகசம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தடவையும் அதே இரண்டு சைக்கிள், அதே பைகள், அதே கூடாரம். இடைப்பட்ட மாதங்களில் லியோனில் அலுவலகம் போய்வந்ததும் இவற்றில்தான். எது உழைத்தது, எது காலை வாரியது என்று இப்போது ஓரளவு சொல்லலாம்.

பொருள்களில் தொடங்க நினைத்தேன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியது எங்கள் முதல் தப்பை.

துலூஸில் கிளம்பும்போது என் வண்டியில் 24 கிலோ, அவள் வண்டியில் 9. கூடாரம், அடுப்பு, சாப்பாட்டுச் சாமான், கருவிகள், படிக்கவே படிக்காத இரண்டு புத்தகங்கள் எல்லாம் என்னிடம். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் தூக்கிக்கொண்டேன். கால்வாய் ஓரத்தில் ஐம்பது கிலோமீட்டர் வரை நல்ல தார்ப்பாதை, பிளேன் மர நிழல், ஏற்றமே இல்லை. அதிலும் அவள் முன்னால் புள்ளியாகத் தெரிந்தாள். படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி ஒவ்வொன்றிலும் நிழலில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருப்பாள். நான் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்து, "போலாமா?" என்பாள். அவளுக்குப் பத்து நிமிடம் ஓய்வு, எனக்கு ஒரு வாய்த் தண்ணீர். மூன்றாம் நாள் கார்காசோனில் என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. அவள்தான் கணக்கைப் பிடித்தாள்: "ஏங்க, நீங்க வந்ததும் நான் கிளம்பிடறேன். அப்ப நீங்க எப்ப உக்காருவீங்க?"

அன்றைக்குக் கூடாரம் அவள் வண்டிக்குப் போனது. மெதுவாக ஓட்டுபவர் முன்னால், வேகமாக ஓட்டுபவர் பின்னால் என்று மாற்றிக்கொண்டோம். ஜோடியாகக் கிளம்புகிறவர்கள் எந்த பிராண்டு வாங்கலாம் என்று கேட்பதற்கு முன், இருவர் வேகத்தையும் எடையால் எப்படிச் சமன் செய்வது என்று யோசிப்பது நல்லது. எனக்கு இது முழுதாகப் புரிய இன்னும் ஒரு வருடம் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கால்வாயைப் பற்றி: 240 கிலோமீட்டர், பியர் போல் ரிக்கே 1666இல் தொடங்கியது, 1681இல் முடிந்தது. நோரூஸ் என்ற இடம்தான் உச்சி. மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அங்கே பிரிந்து ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறு பக்கம் மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. அதைத் தாண்டியதும் தார்ப்பாதை போய் மண்பாதை, மரவேர்கள். உட்கார்ந்த இடம் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அதிர்ந்துகொண்டே இருந்தது. நிழலும் முழுக்க இல்லை. பூஞ்சை நோயால் 2006 முதல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டியிருக்கிறார்கள். பழைய படங்களில் பார்த்த பச்சைச் சுரங்கத்தை எதிர்பார்த்துப் போனால் சில இடங்களில் மொட்டை வெயில்தான். ஒரு நல்ல விஷயம், அந்தப் பகுதியில் அடிக்கும் மேற்குக் காற்று கிழக்கே போகிறவர்களை முதுகில் தள்ளிவிடும். எதிர்த்திசையில் வந்த ஒரு ஜெர்மன் தம்பதியின் முகத்தைப் பார்த்தபோது அதன் அருமை தெரிந்தது.

சரி, டயர். என் வண்டியில் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ். ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் பட்டை உள்ளே வைத்த டயர். ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. ரிம்மிலிருந்து கழற்றுவது மல்யுத்தம். மூன்று பயணத்திலும் பஞ்சர் பூஜ்யம். மனைவியின் வண்டியில் இருந்தது வேறொரு நிறுவனத்தின் இலகுவான டயர், பெயர் வேண்டாம். கடற்கரை ஊரான சேத்தை நெருங்கும்போது இரண்டு நாளில் நான்கு பஞ்சர். முள்ளைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், அட, நம்மூர் நெருஞ்சி! மத்தியதரைக் கடல் பக்கம் மணல் பாங்கான இடங்களில் அது தாராளமாகக் கிடக்கிறது. புல் என்று நம்பி முகாமில் சைக்கிளை உருட்டிப் போனதுதான் வினை. அடுத்த வருடம் அவளும் கனத்த டயருக்கு மாறினாள்.

ஆர்ட்லீப் பக்கப் பைகள் இன்னும் சொட்டு நீர் விடவில்லை. வாயைச் சுருட்டி மூடும் ரகம். ஒரே குறை, எது வேண்டுமோ அது அடியில்தான் இருக்கும். புரூக்ஸ் பி17 தோல் சீட் எனக்கு அறுநூறு கிலோமீட்டரில் பழகிவிட்டது, பிறகு சொர்க்கம். அதே சீட்டை மனைவி நாற்பது கிலோமீட்டரில் கழற்றச் சொல்லிவிட்டாள். சீட் விஷயத்தில் அடுத்தவர் சொல்வதைக் கேட்காதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். கூடாரம் "இருவருக்கு" என்று விற்றது. இருவர் படுக்கலாம், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் சட்டை மாற்ற முடியாது. மூன்றாம் வருடம் அதன் ஜிப் பல்லைக் கக்கியது. இனி வாங்கினால் மூவர் கூடாரம்தான்.

இரண்டாம் பயணம் லிகூரியாவில் இதமாகத்தான் தொடங்கியது. சான் லொரென்சோ அல் மாரேயிலிருந்து ஓஸ்பெதலெத்தி வரை 24 கிலோமீட்டர், 2001இல் ரயிலை உள்பக்கம் மாற்றியதும் கைவிட்ட பழைய தண்டவாளப் பாதை, இப்போது சைக்கிள் பாதை. கடலை ஒட்டியே போகிறது. சான்ரெமோ தாண்டி ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கத்தில் வெளி வெயிலெல்லாம் மறந்து குளிர்ந்தோம். அதை ஒரு நாளில் முடிக்காமல் இரண்டு நாள் இழுத்தோம், வருத்தமே இல்லை.

அப்புறம் ரயிலில் போ ஆற்றங்கரை ஊரான பியாசென்சா. இத்தாலியின் பிராந்திய ரயில்களில் சைக்கிளுக்கு மூன்றரை யூரோ டிக்கெட். பணம் பிரச்சினை இல்லை, படிதான் பிரச்சினை. பழைய பெட்டிகளில் மூன்று படி ஏற்ற வேண்டும். ஒரு நிலையத்தில் லிப்டும் வேலை செய்யவில்லை. பையை எல்லாம் கழற்றி, சுரங்கப்பாதை இறங்கி ஏறி, ரயிலைக் கண்ணெதிரே விட்டோம்.

போ ஆற்றங்கரை அணைமேட்டில் ஓட்டுவதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான். நேர்க்கோடு, நிழல் கிடையாது, மதியம் பன்னிரண்டரைக்குக் கடை மூடினால் மூன்றரைக்குத்தான் திறப்பார்கள். அந்த ஜூனில் 37 டிகிரி. எழுபது வருடத்தில் இல்லாத வறட்சி. ஆறு பாதிக்கு மணல் திட்டு. குவால்தியேரி அருகே இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஒரு சரக்குப் படகு வெளியே தெரிந்தது, ஜனங்கள் நடந்தே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் முடித்துவிடுவோம். தண்ணீருக்கு ஒரு உபாயம்: பிரான்சிலும் இத்தாலியிலும் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்கத் தகாது என்ற பலகை இல்லையென்றால் நிரப்பிக்கொள்ளலாம். மனைவிக்கு முதலில் என்னவோபோல் இருந்தது. இரண்டாம் நாள் சிலுவையைத் தூரத்தில் கண்டதும் அவளே வண்டியைத் திருப்பினாள்.

ஃபெராராவுக்கு முப்பது கிலோமீட்டர் முன்னால் என் பின் சக்கரத்தில் டங்கென்று ஒரு சத்தம். ஸ்போக் கம்பி ஒன்று உடைந்திருந்தது, அதுவும் பல்சக்கரம் இருக்கும் பக்கம். பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி என்னிடம் இல்லை. கெவ்லார் நூலில் செய்த அவசர ஸ்போக் ஒன்று கையில் இருந்ததால் தள்ளாடி ஊர் சேர்ந்தோம். ஃபெராரா சைக்கிள் ஊர், பாட்டிமார் முதல் பாதிரியார் வரை ஓட்டுகிறார்கள். பழுது பார்த்த பெரியவர் ஸ்போக்கை மாற்றிவிட்டு, என் பின் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். சிரித்தார். முன் சக்கரத்தைத் தொட்டுக் காட்டினார். மொழி தேவைப்படவில்லை. மனைவிக்கு அது ஏற்கெனவே தெரிந்த செய்தி.

எனவே மூன்றாம் பயணத்துக்கு வீட்டிலேயே தராசு வைத்தோம். அவளுக்கு 15 கிலோ, எனக்கு 12, அதில் நான்கு கிலோ முன் சக்கரத்தில். புத்தகம் கிடையாது. வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. திரியெஸ்தே நகர் ஏறிய முதல் அரைமணியோடு அது போய்விட்டது.

பரென்சானா எனக்கு மூன்றிலும் பிடித்தது. 1902 முதல் 1935 வரை ரயில் ஓடிய குறுகிய தண்டவாளப் பாதை, இப்போது சைக்கிள் பாதை. திரியெஸ்தேயிலிருந்து போரெச் வரை 123 கிலோமீட்டர், இத்தாலி, சுலோவேனியா, குரோவாசியா மூன்று நாடு. அந்த வருடம் ஜனவரியில்தான் குரோவாசியா எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியிலும் யூரோவிலும் சேர்ந்திருந்தது. எல்லைச் சாவடி காலியாக நின்றது. ரயிலுக்குப் போட்ட ஏற்றம் என்பதால் எங்கும் செங்குத்து இல்லை, முழங்கால் வாயே திறக்கவில்லை. ஆனால் குரோவாசியப் பகுதி உதிர்ஜல்லி. மெல்லிய டயரோடு போகாதீர்கள். இருட்டுச் சுரங்கங்களும் உண்டு, சக்கர டைனமோ விளக்கு அங்கேதான் போட்ட காசை எடுத்தது. குரோஜ்ன்யான் மேட்டிலிருந்து மோதொவுன் பக்கம் இறங்கும்போது நான் முன்னால், அவள் பின்னால். கூடாரத்தின் எடை அவளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பின்னாலிருந்து ஒரே கூச்சல்: "ஏங்க, பிரேக் போடாதீங்க! சும்மா விடுங்க!"