ஒவ்வாமைக்கு ஃபங்ஷனல் மெடிசின்: ஆறு மாதத் திட்டம் ஒன்றின் மதிப்புரை

பல ஆண்டுகளாகக் காலை எழுந்ததும் அடுக்குத் தும்மலும், அவ்வப்போது காரணம் தெரியாமல் உடலில் எழும் அரிப்புத் தடிப்புமாக இருந்து சலித்துப்போய், ஃபங்ஷனல் மெடிசின் முறையில் ஒவ்வாமையைக் கட்டுப்படுத்தும் ஆறு மாதத் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் முன்னெடுத்து, 1991இல் தனி நிறுவனமாகவே உருப்பெற்ற இந்த அணுகுமுறை, நோய்க்குறியை மட்டும் அடக்காமல் உணவு, குடல், உறக்கம், மன அழுத்தம் ஆகியவற்றில் அதன் வேரைத் தேட வேண்டும் என்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நீடித்தது. சில நிமிடங்களில் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியேறியே பழகிய எனக்கு, குழந்தைப் பருவத்துக் கரப்பான் முதல் நேற்றிரவு உறங்கிய நேரம் வரை ஒருவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டதே பாதி நிவாரணம்போல் இருந்தது. தும்மல் வந்த நேரம், இருந்த இடம், உண்டது, உறங்கியது என நாள்தோறும் எழுதச் சொல்லி ஒரு குறிப்பேடும் தந்தார்கள். இந்தத் திட்டத்திலேயே உருப்படியான பொருள் அந்தக் குறிப்பேடுதான் என்பது பின்னால்தான் புரிந்தது.

அடுத்து வந்தது, ஒவ்வோர் உணவுக்கும் எதிராக இரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. அறிக்கையில் பால், கோதுமை, முட்டை மூன்றுக்கும் நேரே நீளமான சிவப்புப் பட்டைகள். நான் ஆண்டுக்கணக்கில் தொடாத உணவுகளுக்கெல்லாம் பச்சை. எதை அன்றாடம் உண்கிறேனோ அதற்கெல்லாம் சிவப்பு விழுந்திருப்பதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. உடனடி ஒவ்வாமையைத் தூண்டுவது ஐஜிஇ என்ற வேறோர் எதிர்ப்பொருள். ஐஜிஜியோ, பெரும்பாலும், அந்த உணவை உடல் சந்தித்துப் பழகியிருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு, உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4 பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2008லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டபோது, "இது ஒவ்வாமை அல்ல, உணர்திறன்" என்று பதில் வந்தது. ஒவ்வாமைக்காக வந்தவனிடம் சொல்லும் பதிலா இது?

இருந்தாலும் மூன்று உணவுகளையும் ஆறு வாரம் விலக்கி, பிறகு நான்கு நாளுக்கு ஒன்றாகத் திரும்பச் சேர்த்தேன். விலக்கிப் பார்த்துத் திரும்பச் சேர்க்கும் இந்த முறை, ஒழுங்காகச் செய்தால் உண்மையிலேயே பயனுள்ளது. எனக்கு மூன்றும் எந்தத் தொல்லையும் தரவில்லை என்பதையும் அதுவே காட்டியது. ஆனால் ஒருமுறையேனும் மூச்சுத்திணறலோ தொண்டை வீக்கமோ வந்தவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது என்ற எச்சரிக்கையை அவர்கள் கையேட்டில் எங்கும் காணவில்லை. இதைச் சிறு குறை என்று என்னால் ஒதுக்க முடியாது. குழந்தைகளுக்கும் இதே விலக்குப் பட்டியலைத் தருகிறார்கள் என்று அறிந்தபோது இன்னும் கவலையாக இருந்தது. வளரும் வயதில் பாலையும் முட்டையையும் காரணமின்றி நிறுத்தினால் ஊட்டச்சத்துக் குறையும், சிலருக்குப் பொறுத்துக்கொண்டிருந்த உணவே பின்னர் ஒவ்வாமையாக மாறவும் கூடும்.

காலையில் நான்கு, இரவில் மூன்று என ஏழு மாத்திரைகள்: தாவரங்களில் உள்ள குர்செட்டின் என்ற பொருள், வைட்டமின் சி, குடலுக்கு நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக், இன்னும் சில. ஒவ்வாமையின்போது தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வெளியேறுவதைக் குர்செட்டின் தடுப்பது ஆய்வகச் செல்களில் காணப்பட்டிருக்கிறது; மனிதரிடம் அதற்குரிய சான்று மெலிவானது. இவற்றையெல்லாம் அந்த நிலையமே விற்கவும் செய்கிறது என்பதைச் சேருமுன் விசாரித்திருக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்தச் சொன்ன இடத்தில் நான் உடன்படவில்லை. ஒவ்வாமை மூக்கழற்சிக்கு நன்கு நிறுவப்பட்ட மருந்து அது.

மூன்றாம் மாதம் குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. தும்மல் வந்த நாள்களில் பெரும்பாலானவை விடியற்காலை, படுக்கையை உதறிய அரை மணி நேரத்துக்குள். வெளியூரில் தங்கிய ஒன்பது நாளும் ஒரு தும்மல்கூட இல்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஓர் ஒவ்வாமை மருத்துவரிடம் போனேன். ஒரு வாரம் ஹிஸ்டமின் தடுப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, முன்கையில் வரிசையாகத் துளிகள் இட்டு ஊசி நுனியால் குத்தினார். 15 நிமிடத்தில், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிக்கான துளியிருந்த இடம் மட்டும் கொசுக்கடிபோல் தடித்தது. 3 மில்லிமீட்டர் இருந்தாலே பொருட்படுத்த வேண்டியது, எனக்கு 8 இருந்தது. பால், முட்டை, கோதுமை இருந்த இடங்கள் தட்டையாகவே கிடந்தன.

இப்போது தலையணைக்கும் மெத்தைக்கும் உண்ணி புகாத உறை போட்டு, விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன், ஸ்பிரேயையும் தொடர்கிறேன். காலைத் தும்மல் வாரத்தில் ஒன்றிரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. தடிப்புக்கு மட்டும் இன்னும் காரணம் கிடைக்கவில்லை. குறிப்பேட்டில் அதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி எழுதி வருகிறேன். ஏழு மாத்திரைகளில் எஞ்சியவற்றைத் தூக்கிப் போட்டாயிற்று.