புவெர்த்தோ எஸ்கோந்திதோ: சிகத்தேலாவா, கரிசலீயோவா?

மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில், பசிபிக் கரையில் இருக்கும் ஊர் புவெர்த்தோ எஸ்கோந்திதோ. இங்குள்ள சிகத்தேலா, கரிசலீயோ என்ற இரண்டு கடற்கரைகளில் எதன் பக்கம் தங்குவது என்பதுதான் கேள்வி.

நீந்த வேண்டுமா? யோசிக்கவே வேண்டாம், கரிசலீயோதான். 150க்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் பாறைகளுக்கு நடுவே ஒரு சின்ன விரிகுடா. அலைச்சறுக்கு பழகவும் நல்ல இடம். ஏறும்போது மூச்சு வாங்கும், முட்டிவலிக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகத்தேலா நேர்மாறு. கைதேர்ந்த அலைச்சறுக்கு வீரர்கள் தேடி வரும் நீண்ட மணற்கரை. குழாய் போலச் சுருண்டு விழும் அலையைக் கரையில் இருந்தே பாருங்கள். நீந்த இறங்காதீர்கள், இழுப்பு அவ்வளவு பலம்.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு சிகத்தேலாவுக்கு. கடலோரத் தெருவில் வரிசையாகக் கடைகள். இரவில் த்லயூதா கேளுங்கள். தாம்பாளம் அளவு சோள ரொட்டியை மொறுமொறுவென்று சுட்டு, கறுப்பு பீன்ஸ் விழுது தடவி, நூல் நூலாகப் பிரியும் கெசியோ சீஸ் போட்டுத் தருவார்கள். அடியில் பன்றிக் கொழுப்பு தடவுவது வழக்கம். சைவம் என்றால் ‘சின் அசியென்தோ’ (அந்தக் கொழுப்பு இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எங்கே தங்கினாலும் நிலவில்லாத இரவில் மனியால்தெபெக் காயலுக்குப் படகில் போங்கள். நீர் ஒளிரும் காலமாக இருந்தால், கையை விட்டதும் விரல்களைச் சுற்றி வெளிச்சம் பூக்கும்.