அம்பாசிடரோட பின்பக்க சஸ்பென்ஷனை மாத்தப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுப் போங்க

46,500 ரூபாய் போச்சு. பணம் போனதை விடுங்க, வால்பாறை ரோட்டுல வீட்டு ஆளுங்களையும் ஏத்திட்டுப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை உதறுது. கோபம் ஆறிட்டா நாசூக்கா எழுதித் தொலைச்சுடுவேன், அதான் இன்னைக்கே எழுதறேன்.

வண்டி மாமனார் வச்சிருந்த அம்பாசிடர், 1.8 இசுசு பெட்ரோல். இன்ஜின்ல ஒரு குறையும் கிடையாது. தொல்லையெல்லாம் பின்பக்கம்தான். வளைவுல கொஞ்சம் வேகமாத் திருப்பினா முன்பக்கம் போயிடும், பின்பக்கம் யோசிச்சுட்டு வரும். நடு வளைவுல ஒரு பள்ளம் வந்துட்டா, பின் சக்கரம் ரெண்டையும் இணைக்கிற ஹவுசிங்கே ஒரு பக்கமா ஒதுங்கும். லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை ஸ்பிரிங் வச்ச வண்டி ஓட்டினவங்களுக்கு இது புரியும்.

இதைச் சரிபண்ணத்தான் கோவைப் பக்கம் ஒரு மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். பழைய வண்டியை மினுக்கி வீடியோ போடுற கடைகள்ல ஒண்ணு.

நான் நம்பின இடத்தைச் சொல்லியாகணும். கடைக்காரப் பையன் போட்டிருந்த சட்டையோட அப்படியே வண்டிக்கு அடியில படுத்தான். டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வெளிய வந்து, சாக்பீஸ் எடுத்துத் தரையில படம் போட்டான். "பாருங்ண்ணா, இந்த வண்டில பட்டைதான் எல்லா வேலையும் பார்க்குது. பாரம் தாங்குறதும் அதுதான், ஹவுசிங்கை முன்ன பின்ன போகாமப் பிடிக்கிறதும் அதுதான், பக்கவாட்டுல பிடிக்கிறதும் அதுதான். பட்டை முனையில இருக்கிற ரப்பர் புஷ் நைஞ்சுட்டா மொத்த ஹவுசிங்கும் நகரும். அது பக்கவாட்டுல நகராமப் பிடிக்க ஒரு பன்ஹார்ட் ராடு குடுத்துடலாம். ஒரு முனை ஹவுசிங்ல, இன்னொரு முனை எதிர்ப்பக்கம் பாடில. ராடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. வண்டி நிக்கறப்ப படுக்கையா இருக்கணும்."

அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்புக் கிடையாது. வயித்தெரிச்சலே அதுதான். விவரம் தெரியாதவன் சொதப்பியிருந்தா திட்டிட்டு விட்டிருப்பேன்.

புதுப் பட்டை செட், பாலியூரித்தேன் புஷ், கேஸ் அடைச்ச ஷாக் அப்சார்பர் ரெண்டு, பன்ஹார்ட் ராடு, கூலி எல்லாம் சேர்த்து 46,500. முப்பதாயிரம் முன்பணம், மீதி வண்டி எடுக்கறப்ப. ரெண்டுமே அவன் சொந்த நம்பருக்கு யுபிஐ.

வண்டியை எடுக்கப் போனா பின்பக்கம் தூக்கிட்டு நிக்குது. "ஓட ஓட செட் ஆயிடும்ங்ண்ணா." சரின்னு ஆழியாறு வழியா வால்பாறை ஏறினேன். மொத்தம் 40 கொண்டை ஊசி. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூங்கிற காட்சிமுனை, அதுவரைக்கும்கூட நிம்மதியாப் போக முடியலை. முன்னெல்லாம் தாமதமா வந்த பின்பக்கம் இப்ப என்னை முந்திட்டுப் போகப் பார்க்குது. வலது வளைவுல ஒரு மாதிரி, இடது வளைவுல வேற மாதிரி. வண்டியைத் திருப்பி ஊர்ந்துக்கிட்டே இறங்கி, நேரா பொள்ளாச்சில ஒரு பழைய மெக்கானிக்கிட்ட விட்டேன்.

அவர் ஜாக் போட்டுட்டு, "இங்க வாங்க தம்பி"ன்னு கூப்பிட்டுப் பட்டை மேல ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினார். கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில பழைய துரு. ஏதோ சரக்கு வண்டியில கழட்டின பட்டை, அதுலயும் கூடுதலா ரெண்டு பட்டை சொருகியிருக்கான். பின்பக்கம் அவ்வளவு இறுகிட்டா, வளைவுல உள்சக்கரம் லேசாகி வெளிச்சக்கரத்து மேல பாரமெல்லாம் விழுந்து பின் டயர்தான் முதல்ல பிடியை விடும். போதாததுக்குப் பின்பக்கம் உயர்ந்ததுல பட்டையோட முன் கண், அதாவது முன்முனையைப் பாடில மாட்டற வளையம், ஹவுசிங்கைவிட மேல போயிடுச்சு. வண்டி சாயறப்ப வெளிச்சக்கரம் பின்னுக்கும் உள்சக்கரம் முன்னுக்கும் நகருது. அதாவது பின் ஹவுசிங் தானாவே ஸ்டீரிங் பிடிக்குது, அதுவும் தப்பான பக்கமா.

பன்ஹார்ட் ராடு? முழங்கை நீளம்தான் இருக்கு, சாய்ஞ்சு கிடக்கு. சக்கரம் ஏறி இறங்கறப்பல்லாம் ஹவுசிங்கை ஒரு பக்கமா இழுக்குது. சாக்பீஸ்ல அவனே போட்ட படத்துக்கு நேர் எதிர். அம்பாசிடருக்கு அடியில தனியா இரும்புச் சட்டம் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். பிராக்கெட்டை கனமான பெட்டிப் பகுதியில பிடிக்காம, வெறும் தரைத் தகட்டுல ஒட்டி வச்சிருக்கான். வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி விரிசல் ஓடிக்கிட்டிருக்கு.

ஷாக்கைக் கழட்டி மெக்கானிக் கையால அமுக்கினார். உள்ள போன தண்டு அங்கேயே நின்னுடுச்சு. கேஸ் இருந்தா தானா வெளிய வரணும். சாதா ஆயில் ஷாக்குக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு, பளபளன்னு ஒரு ஸ்டிக்கர்.

போன் பண்ணினேன். முதல்ல "ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்ங்ண்ணா." அப்புறம் "டயர் பழசுங்ண்ணா." அப்புறம் "மலையில அப்படி ஓட்டினா எந்த வண்டியும் ஆடும் சார்." கவனிங்க, 46,500 கைக்குப் போற வரைக்கும் அண்ணன், போனதும் சார். நேர்ல போனா அவன் வெளியூராம், கடையில இருந்த பொடியனுக்கு ஒண்ணும் தெரியாதாம். பில்லைக் காட்டினேன். அதுல "சஸ்பென்ஷன் வேலை"ன்னு ஒரே வரி. பட்டையும் இல்லை, ஷாக்கும் இல்லை.

சரி, என் பழைய பட்டை செட்டையாவது குடுங்கடான்னு கேட்டா, "எடைக்குப் போட்டாச்சுங்க." 2014-ல உற்பத்தி நின்ன வண்டி. மாமனார் கிரீஸ் வச்சுக் காப்பாத்தின கம்பெனிப் பட்டை. கேக்காமக் கொள்ளாம எடைக்கு! இப்ப என் நம்பரையும் பிளாக் பண்ணிட்டான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன்.

இந்த மாதிரி வண்டிக்கு என்னென்ன பண்ணலாம்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடலை. சுருக்கமா: பழைய புஷ், ஷாக்கிள் (பட்டையோட பின்முனையைப் பாடியோட இணைக்கிறது), யு போல்ட் (பட்டையை ஹவுசிங்கோட கட்டுறது), இதை முதல்ல சரி பண்ணுங்க, பாதி ஆட்டம் அதுலயே நிக்கும். பின்பக்கத்தை மட்டும் இறுக்கறேன்னு சொல்றவன்கிட்ட வண்டியை விடாதீங்க. ஷாக்கை மாட்டறதுக்கு முன்ன உங்க கையால அமுக்கிப் பாருங்க. ராடு பிராக்கெட் எந்த இடத்துல வருதுன்னு வெல்டிங்குக்கு முன்னயே பார்த்துடுங்க. பில்லுல ஒவ்வொரு சாமானும் தனித்தனியா இல்லாம மீதிப் பணம் குடுக்காதீங்க. கழட்டின சாமானை அன்னைக்கே டிக்கில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடுங்க.