மூன்று தண்ணீர், இரண்டு சம்ப்: எங்கள் அடுக்குமாடியின் குடிநீர் ஏற்பாடு

சென்னையின் தெற்குப் புறநகரில், ஐம்பதுக்குச் சற்றுக் குறைவான வீடுகள் உள்ள அடுக்குமாடி எங்களுடையது. பல வருடமாகத் தண்ணீர்ப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சங்கத்தில் வேறு யாரும் கை நீட்டி வாங்கிக்கொள்ளாத பொறுப்பு அது. போர் (ஆழ்துளைக் கிணறு), லாரி, மெட்ரோ (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்) என்று மூன்று தண்ணீரும் எங்களுக்கு வரும். சுத்தம் செய்ய இரும்பு நீக்கும் ஃபில்டர், சாஃப்ட்னர், குளோரின் பம்ப், வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. என்று எல்லாமே இருக்கின்றன. எது காசுக்கு உழைத்தது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இருப்பதிலேயே விலை குறைந்த குளோரின் பம்பும், அதோடு வாங்கிய சின்ன சோதனை டப்பாவும்தான் எங்களை அதிகம் காப்பாற்றியவை. டிவி விளம்பரத்தில் வரும் பெட்டியெல்லாம் அதற்கப்புறம்தான்.

போரில் தொடங்குகிறேன். கோடையில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் வரை போகும். நல்ல மழை பெய்த வருடங்களில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கும். தமிழ்நாட்டில் 2003 முதலே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்களுக்கும் குழி இருந்தது, மண் மூடிப்போய். அதைத் தோண்டி ஜல்லியும் மணலும் மாற்றி, மொட்டை மாடிக் குழாய்களை மறுபடி அதில் விட்ட பிறகுதான் இந்த இறக்கமே தெரிய ஆரம்பித்தது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 சொல்வது, டி.டி.எஸ். 500 வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று. கடினத்தன்மைக்கு அதே போல 200, 600. எங்கள் போர் இரண்டிலும் நடுவே எங்கோ நிற்கிறது. குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் குடிக்கப் பிடிக்காது, பருப்பும் சீக்கிரம் வேகாது.

டி.டி.எஸ்.ஸைவிட எங்களைப் படுத்தியது இரும்பு. போரிலிருந்து பக்கெட்டில் பிடிக்கும்போது தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று, அடியில் செங்காவி வண்டல். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, வெளியே வந்து ஆக்சிஜனைப் பார்த்ததும் துருவாகப் படிகிறது. வெள்ளைச் சட்டைகளெல்லாம் மஞ்சளடித்த காலம் அது. இதற்குத் தீர்வும் அதிலேயே இருக்கிறது: அந்தத் துருவை வாளியில் படிய விடாமல், தொட்டிக்கு முன்னாலேயே படிய வைத்து வடிகட்ட வேண்டும். தண்ணீரைச் சம்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டியில், உயரத்திலிருந்து ஷவர் போலத் தெறித்து விழச் செய்தோம். பிறகு மணல் ஃபில்டர், இரும்பு ஃபில்டர். இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது, ஒழுங்காக பேக்வாஷ் செய்தால் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது). ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிரஷர் கேஜ்களுக்கு இடையே அரைக் கிலோ அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேக்வாஷ் என்று வாட்ச்மேனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை என்று காலண்டரைப் பார்த்துச் செய்ததைவிட இது மேல். லாரி வந்த வாரத்தில் அடைப்பு சீக்கிரமே வரும், மழைக்காலத்தில் தாமதமாகும். கேஜுக்கு அது தெரியும், காலண்டருக்குத் தெரியாது.

சாஃப்ட்னரைப் பற்றி விற்பவர்கள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள். "டி.டி.எஸ். குறைஞ்சிடும் சார்" என்றுதான் எங்களுக்கும் சொன்னார்கள். குறையாது. உள்ளே இருக்கும் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள், கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகின்றன. உப்பு போய் உப்பு வருகிறது, அவ்வளவுதான். மீட்டரில் எண் அப்படியேதான் நிற்கும். ஆனால் சோப்பு நுரைக்கும், கீஸர் காயிலில் வெள்ளை ஓடு கட்டாது, குழாய் முனைகளில் உப்புக் கரை குறையும். அதற்காக வாங்கலாம். ரெசினைத் திரும்பத் தயார் செய்ய மூட்டை மூட்டையாக உப்பு வாங்க வேண்டும், அந்த உப்புத் தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும். எங்கள் வளாகத்து வேலியோரச் செம்பருத்திகள் அப்படித்தான் கருகின. ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சாஃப்ட்னர் தண்ணீரை நேரடியாகக் குடிக்காமல் இருப்பது நல்லது.

இப்போது குளோரின். இதை எழுதவே உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். டி.டி.எஸ். எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அந்தப் பேனா மீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்து உப்பைக் கணிக்கும் கருவி அது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை கலந்த மெட்ரோ தண்ணீர் 300 காட்டும், சுத்தமான போர் தண்ணீர் 1,200 காட்டும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் அந்த 300இல்தான் இருக்கும்.

எங்கள் ஏற்பாட்டில் மோட்டார் ஓடும்போது மட்டும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவ குளோரின்) கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குழாயில் செலுத்தும் சின்ன பம்ப் இருக்கிறது. குளோரினுக்குத் தன் வேலையைச் செய்ய அரை மணி நேரமாவது வேண்டும். மேல் தொட்டியில் அந்த நேரம் கிடைத்துவிடும். பிறகு பம்பிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதிக்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது தர நிர்ணயம். நான் சொன்ன சோதனை டப்பாவில் இருக்கும் குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து சொட்டு விட்டு ஆட்டினால், குளோரின் இருந்தால் நிறம் மாறும். அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நிமிட வேலை. நான் ஊரில் இல்லாதபோது மூன்றாம் மாடி அக்கா பார்த்து எழுதுவார். என்னைவிட ஒழுங்காகவே.

இந்தக் குப்பி எங்களுக்குக் காட்டிக்கொடுத்த விஷயங்கள் நிறைய. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம் எங்களுக்கு லாரி இல்லாமல் ஒரு நாள் ஓடவில்லை. "நல்ல தண்ணி சார், கல்யாண மண்டபத்துக்கே நாங்கதான் ஊத்துறோம்" என்பார் டிரைவர். பார்வைக்கும் சுத்தமாகத்தான் இருந்தது. அப்படி ஒரு லோடு இறங்கிய மறுநாள் கடைசிக் குழாயில் குப்பி நிறமே மாறவில்லை. பம்ப் அதே அளவில்தான் சொட்டியது. போட்ட குளோரின் முழுவதையும் தண்ணீரில் இருந்த ஏதோ ஒன்று தின்றுவிட்டது என்று அர்த்தம். அளவைக் கூட்டி, கடைசிக் குழாயில் நிறம் வரும்வரை எல்லோரையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னோம். அதன் பிறகு லாரி குழாயைச் சம்பில் விடுவதற்கு முன் ஒரு டம்ளர் பிடித்து, குளோரின் சேர்த்து, அரை மணி கழித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஹைப்போவில் ஒரு தொல்லை உண்டு. நம்ம ஊர் வெயிலில் கேனிலேயே வீரியம் இறங்கிவிடும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று மாதக்கணக்குக்கு வாங்கி மோட்டார் அறையில் அடுக்காதீர்கள். கொஞ்சமாக வாங்குங்கள், நிழலில் வையுங்கள். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான், மூட்டையைத் திறந்து வைத்தால் போச்சு. வாசனை அடிக்கிறது என்று புகார் சொல்பவர்களுக்கு என் பதில், பாத்திரத்தில் பிடித்து மூடாமல் சற்று வையுங்கள், போய்விடும். குளோரினையே நிறுத்து என்றவர்களிடம் நோட்டைக் காட்டுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருத் தண்ணீர் சம்ப் மூடி வழியாக உள்ளே போனது. சாக்கடையும் சேர்ந்த தண்ணீர். சம்பைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும்படி குளோரின் போட்டு ஓர் இரவு வைத்தோம். பத்தாயிரம் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நல்ல பிளீச்சிங் பவுடர் பிடிக்கும். அதே தண்ணீரை மேல் தொட்டிக்கும் வீட்டுக் குழாய்களுக்கும் ஏற்றி, மறுநாள் திறந்து விட்டு அலசினோம். பிறகு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் கிருமிச் சோதனை. அதற்குத் தண்ணீர் எடுக்கக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதில் குளோரினை முறிக்கும் மருந்து இருக்க வேண்டும், ஐஸில் வைத்துச் சில மணி நேரத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். வீட்டு வாட்டர் பாட்டிலில் பிடித்துப் போனால் வரும் முடிவுக்கு மதிப்பில்லை. சம்ப் மூடியை இப்போது தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம். வெள்ளம் வருவதற்கு முன்னால் யாரும் இதற்குப் பணம் ஒதுக்கமாட்டார்கள், அது உலக வழக்கம்.

மெட்ரோ இணைப்பு வந்தபோது பெரும்பாலோர் சொன்னது, "இருக்கிற சம்ப்லயே விட்டுடலாமே." மெட்ரோ தண்ணீர் ஏரியிலிருந்தும் வரும், வீராணத்திலிருந்தும் வரும், தென்சென்னைக்கு நெம்மேலியின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் வரும். எதுவாக இருந்தாலும் எங்கள் வாசலில் டி.டி.எஸ். 500ஐத் தாண்டியதில்லை. அதைப் போர் தண்ணீரில் கலந்தால் நல்ல தண்ணீரும் கெடும். அதனால் தனியாக ஒரு சின்ன சம்ப், தனியாக ஒரு மேல் தொட்டி, சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் போட்டோம். செலவு வலித்தது. ஆனால் ஏற்பாட்டிலேயே மிகப் பெரிய மாற்றம் அதுதான். ஒன்றைக் கவனியுங்கள்: மெட்ரோ நாள் முழுக்க வருவதில்லை. குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் விரிசல் வழியாக வெளித் தண்ணீர் உள்ளே கசியும். சப்ளை தொடங்கியதும் முதல் சில நிமிடம் வருவதைப் போர் சம்புக்குத் திருப்பிவிட்டு, தெளிந்த பிறகுதான் குடிநீர்ச் சம்புக்கு விடுகிறோம். இன்னொன்று, எங்கள் பிளம்பர் அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு குழாய்களுக்கும் நடுவே ஒரு இணைப்பும் வால்வும் வைத்திருந்தார். அதை அறுத்து மூடச் சொன்னேன். அவசரம் வந்தால் வால்வைத் திறப்பார்கள், மூட மறப்பார்கள்.

கடைசியாக ஆர்.ஓ. போரை நம்பியிருந்த காலத்தில் அது இல்லாமல் முடியாது. உப்பை நீக்க வீட்டளவில் வேறு வழியில்லை. ஆனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய விதி கொண்டுவரும்படி 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதே இதனால்தான். மெட்ரோ தனிக் குழாய் வந்த பிறகு எங்கள் வீட்டில் ஆர்.ஓ.வைக் கழற்றிவிட்டு யு.வி. ஃபில்டர் (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) வைத்துக்கொண்டோம். கழற்றாதவர்களும் உண்டு. அவர்களுக்குப் பக்குவம் சொல்வேன்: உப்பை நிறுத்தும் சவ்வான மெம்பரேனைக் குளோரின் தின்றுவிடும், அந்தக் குளோரினை முன்னாலேயே பிடிக்கும் கார்பன் கேண்டிலைத் தவணைக்கு முன்பே மாற்றுங்கள். உள் தொட்டியில் குளோரினே இல்லாமல் தண்ணீர் தேங்குவதால் வழவழப்பு படியும், சர்வீஸ்காரரைத் தொட்டியைத் திறந்து கழுவச் சொல்லுங்கள். அதைத் தானாக அவர் செய்யமாட்டார், பில்லில் இருக்காது.

விற்க வருபவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, உங்கள் டம்ளரில் அழுக்கு கிளம்புவதைக் காட்டுவார். வீட்டம்மா முகம் சுளிப்பார், பெட்டி விற்றுவிடும். அந்த அழுக்கு அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு இல்லாததால் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் சொன்னபோது அவர் கம்பிகளைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக் காலிங் பெல்லை அடித்தார். அங்கே விற்றும்விட்டார்.

இப்போதைய நிலவரம்: இரும்பு ஃபில்டரில் மணல் மாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறது, குளோரின் பம்பின் டியூப் மாற்றியாகிவிட்டது. சாஃப்ட்னர் ரெசின் தேய்ந்துவிட்டது, கொட்டேஷன் வாங்கி வைத்திருக்கிறேன். கீஸர் வைத்திருக்கும் வீடுகள் பணம் போட்டால் மாற்றுவோம்.