50 மடங்கு ஸ்கோப் வாங்கும் முன்: எஃப்-கிளாஸ், பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளுக்கு எது பொருந்தும்?

எஃப்-கிளாஸ் என்பது ரைஃபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டி, தாங்கியில் வைத்து, படுத்தபடி நெடுந்தூரம் சுடும் போட்டி. அதன் இலக்கில், 1000 கஜத்தில், பத்து வளையத்தின் குறுக்களவு 10 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 5 அங்குலம். அந்தத் தூரத்தில் ஒரு எம்ஓஏ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கோணம் 10.47 அங்குலம் ஆகும். எக்ஸ் வளையம் முழுதுமே அரை எம்ஓஏதான். ஸ்கோப் குழாய்க்குள் ரெட்டிகிள் (குறிபார்க்கும் குறுக்குக் கோடுகள்) கால் எம்ஓஏ நகர்ந்தாலே போதும், நட்டநடுவில் பிடித்துச் சுட்ட தோட்டா எக்ஸின் விளிம்புக்குப் போய்விடும். நகர்ந்தது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. காற்று மாறிவிட்டது என்று நினைத்து ஒரு திருத்தம் போடுவீர்கள். அதற்குள் ரெட்டிகிள் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கும். அடுத்த தோட்டா மறுபக்க விளிம்பில் விழும். அதோடு காற்றும் கொஞ்சம் அசைந்தால் ஒன்பதுதான்.

ஸ்கோப் வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைக்கலாம். நூறு தோட்டா சுட்ட பிறகும் ரெட்டிகிள் வைத்த இடத்தில் நிற்கிறதா, திருகிய அளவுக்கு நகர்ந்து திரும்பி வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கண்ணாடியின் தெளிவு அதற்கு அடுத்தது.

மடங்கு விஷயத்தில் கணக்கு எளிது. முன் வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 52 மி.மீ. வில்லையில் 55 மடங்கு வைத்தால் 0.95 மி.மீ. பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவை 2 முதல் 3 மி.மீ. வரை திறந்திருக்கும். அதில் பாதிகூட நிரம்பாததால் படம் மங்கும். தலை சற்றே அசைந்தாலும் ஓரம் கறுக்கும். 40 மடங்குக்கு இறக்கினால் 1.3 மி.மீ. ஆகி, கண்ணுக்கு உடனே இதமாகிவிடுகிறது.

ஆயிரம் கஜத்தில் தோட்டாத் துளையைப் பார்க்கத்தான் 60 மடங்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 6.5 மி.மீ. துளை அங்கே ஏறத்தாழ 1.5 வினாடிக் கோணம் (அறுபது வினாடி ஒரு எம்ஓஏ). 56 மி.மீ. வில்லை பிரித்துக் காட்டக்கூடியது சுமார் 2 வினாடி. எந்தக் கம்பெனி செய்தாலும் ஒளியின் இயல்பு அதுதான், மடங்கைக் கூட்டி இதைத் தாண்ட முடியாது. தேவையும் இல்லை: இலக்குக்குக் கீழே குழியில் இருந்து மதிப்பெண் காட்டுபவர்கள் துளையில் வட்டு செருகிக் காட்டுகிறார்கள், இல்லையேல் மின்னணு இலக்கு திரையில் காட்டுகிறது. கூடுதல் மடங்கு பயன்படுவது வளையக் கோட்டுக்கும் ரெட்டிகிளுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிப்பதற்கு.

அதையும் கானல் விடாது. தரை சூடேறிய பிறகு 50 மடங்கில் பார்த்தால் வளையங்கள் கொதிநீருக்கு அடியில் கிடப்பதுபோல நெளியும். கறுப்பு வட்டத்தின் விளிம்பு ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும், எது உண்மையான விளிம்பு என்று சொல்ல முடியாது. அப்போது 25 அல்லது 30-க்கு இறக்குவதே வழி. ஆகவே ஜூம் ஸ்கோப்பில் மேல் எண்ணைவிட, 25 முதல் 40 வரை படம் எப்படி இருக்கிறது என்பதையே கூர்ந்து பாருங்கள். நீங்கள் பெரும்பாலும் சுடப்போவது அங்கேதான். சூடான குழலிலிருந்து எழும் அலை வேறு. அதற்குக் குழல் மேல் நீளப் பட்டை ஒன்றை இழுத்துக் கட்டி, முன் வில்லையில் நீண்ட நிழற்குழாய் மாட்டினால் பெரும்பகுதி அடங்கும்.

துப்பாக்கியை மேசையில் தாங்கிவைத்து, தோட்டாக்களை நெருக்கமாகச் சேர்க்கும் 100, 200 கஜ பெஞ்ச்ரெஸ்ட்டில் நிலைமை மாறுகிறது. அங்கே 36 முதல் 45 மடங்கு வரையிலான நிலைமடங்கு ஸ்கோப்பே நல்லது. ஜூம் இயக்கம் இல்லாததால் உள்ளே அசையும் பாகம் குறைவு, எடையும் குறைவு. லைட் வார்மின்ட் பிரிவில் துப்பாக்கி மொத்தமே 10.5 பவுண்டுக்குள் இருக்க வேண்டும்; ஸ்கோப்பில் மிச்சமாகும் 200 கிராமைக் குழலுக்குக் கொடுக்கலாம். எஃப்-கிளாஸின் இரு பிரிவுகளில், எஃப்-ஓப்பனில் வரம்பு 10 கிலோ, எஃப்-டிஆரில் ஸ்கோப், இருகால் தாங்கி எல்லாம் சேர்த்து 8.25 கிலோ. எஃப்-டிஆர்காரர்கள் தராசில் வைத்துப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். ஒலிம்பிக் ரைஃபிள் பிரிவுகளில் ஸ்கோப்புக்கே இடமில்லை.

பாரலாக்ஸ் பற்றிப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். குவியம் இலக்கில் விழாதபோது, கண் நடுவிலிருந்து விலகினால் ரெட்டிகிள் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரியும். பிழை அதிகபட்சம் எவ்வளவு என்பதைக் கணக்கிடலாம்: வில்லை விட்டத்தில் பாதியை, குவியத் தூரத்துக்கும் இலக்குத் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுக்கவும். 52 மி.மீ. வில்லை, இலக்கு 1000 கஜம், குவியத்தை மாற்றும் பாரலாக்ஸ் குமிழ் 200 கஜத்தில் நிற்கிறது என்றால் பிழை 104 மி.மீ. வரை போகும், எக்ஸ் வளையமே 127 மி.மீ.தான். அதே குமிழை முடிவிலியில் வைத்தால் எந்தத் தூரத்திலும் 26 மி.மீ.க்கு மேல் போகாது. ஆகவே நெடுந்தூரத்தில் சந்தேகம் வந்தால் தொலைவுப் பக்கமாகத் தவறுங்கள். ஆனால் .22 போன்ற சிறு தோட்டா சுடும் 50 மீட்டர் ரிம்ஃபயரில் அந்த 26 மி.மீ. ஆட்டத்தையே முடித்துவிடும், அங்கே துல்லியமாக வைத்தே ஆகவேண்டும்.

வைக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஸ்கோப்பை வெறும் வானத்தை நோக்கித் திருப்பி, கண்பக்க டயாப்டரைத் திருகி ரெட்டிகிளைக் கூர்மையாக்கவும். இரண்டு நொடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றும். பார்வையை எடுத்து மீண்டும் பார்க்கவும். டயாப்டரை அங்கேயே பூட்டிவிட்டு, பாரலாக்ஸ் குமிழை முடிவிலி வரை கொண்டுபோய், அங்கிருந்து திரும்பி வந்து இலக்கில் நிறுத்தவும். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்தால்தான் பல்லிடைத் தளர்வு ஏமாற்றாது. துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ரெட்டிகிள் நகர்ந்தால் இன்னும் வேலை பாக்கி. குமிழில் பொறித்திருக்கும் எண்களை நம்ப வேண்டாம். உங்கள் கண்ணுக்குச் சரியான இடத்தில் சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

டரட் என்னும் திருகுக்குமிழ் ரெட்டிகிளை ஒரு கிளிக்குக்கு 1/8 எம்ஓஏ நகர்த்தினால் போதும், அதுவே தேவை. 1000 கஜத்தில் ஒரு கிளிக் 33 மி.மீ.; கால் எம்ஓஏ கிளிக் என்றால் 66 மி.மீ., எக்ஸ் வளையத்தில் பாதி. இன்னொரு பொறி, சில டரட்களில் எம்ஓஏ என்பதை 100 கஜத்துக்குச் சரியாக 1 அங்குலம் என்று வைத்திருப்பது. 30 எம்ஓஏ ஏற்றும்போது 1000 கஜத்தில் 14 அங்குலம் வித்தியாசம் வந்து நிற்கும்.

நெடுந்தூரத்துக்கு டரட்டை ஏற்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மொத்த நகர்வு 55 எம்ஓஏ என்றால் நடுவிலிருந்து மேலே 27.5தான். .308 குண்டுக்கு 100 கஜ ஜீரோவிலிருந்து (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே விழும் அமைப்பு) 1000 போக ஏறத்தாழ 30 எம்ஓஏவும் அதற்கு மேலும் வேண்டும். துப்பாக்கிமேல் ஸ்கோப்பைத் தாங்கும் பேஸ் தட்டையாக இருந்தால் எட்டாது. 20 எம்ஓஏ சாய்வுள்ள ரயில் போட்டால் மேலே 47.5 கிடைக்கும், கீழே 7.5 மிஞ்சும், 100 கஜமும் கைவிட்டுப் போகாது. 40 போட்டால் 100 கஜ ஜீரோவை மறந்துவிட வேண்டியதுதான். நகர்வின் கடைசி முனையில் சுடுவதையும் தவிருங்கள்: படத்தின் தரம் குறையும், பக்கவாட்டு நகர்வும் சுருங்கிப்போகும்.

ரெட்டிகிள் இரண்டாம் குவியத்தளத்தில் (கண்பக்கம்) இருக்கட்டும். மடங்கு கூடினாலும் கோடு தடிக்காது. கோடுகளின் கோண அளவு ஒரே ஒரு மடங்கில்தான் சரியாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவும். நடுப்புள்ளி 1/8 எம்ஓஏ என்றால் 1000 கஜத்தில் 33 மி.மீ. மறைக்கும், 1/16 என்றால் 17. மெல்லியது அழகு, ஆனால் கானலில் கறுப்பு வட்டத்தின் மேல் அது காணாமல் போகும். காற்றுக்குப் பக்கவாட்டில் பிடித்துச் சுடுபவர்களுக்கு, கிடைக்கோட்டில் அளவுக்கோடுகள் உள்ள ரெட்டிகிளே உதவும்.

மாடல்களுக்கு வருவோம். நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15–55×52 எஃப்-கிளாஸுக்கென்றே அளவெடுத்ததுபோல இருக்கும்: 30 மி.மீ. குழாய், 1/8 கிளிக், 55 எம்ஓஏ ஏற்றம், எடை 790 கிராம். எஃப்-டிஆர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15–60×52 கிளிக்கிலும் ஏற்றத்திலும் அதே அளவு, எடை சற்றே கூடுதல். 60 மடங்கில் ஒளிக்கற்றை 0.87 மி.மீ.க்குச் சுருங்குவதால் அந்தக் கடைசி ஐந்து மடங்குக்காக இதை எடுக்க வேண்டாம், மற்ற காரணங்களுக்காக எடுக்கலாம். மார்ச் ஹை மாஸ்டர் 10–60×56 கானலில் விளிம்பு நிறம் சிதறாமல் காட்டுவதில் முன்னே நிற்கிறது. எடைக்கு இடமிருக்கும் எஃப்-ஓப்பனுக்கு நம் தேர்வு இது. காலெஸ் கே1050-இல் பாரலாக்ஸ் வளையம் மேல் டரட்டோடு இருப்பதால் இரு கையாலும் எட்டும், பத்து மீட்டருக்குள்ளும் குவியும். குறுந்தூர இலக்குகளின் தொலைவைக் குவியத்தாலேயே அளக்கும் ஃபீல்ட் டார்கெட் (ஏர் ரைஃபிள் போட்டி) ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய வசதி. சைட்ரான் எஸ்III 10–50×60-இன் அகன்ற வில்லை 50 மடங்கிலும் 1.2 மி.மீ. ஒளி தரும், ஆனால் ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் உயரமாக வேண்டும், கன்னத்தாங்கியையும் உயர்த்த வேண்டிவரும்.

மாட்டும்போதுதான் நல்ல ஸ்கோப்பும் கெடுகிறது. ரிங் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 15–18 அங்குல-பவுண்டு (சுமார் 2 நியூட்டன்-மீட்டர்) போதும். தயாரிப்பாளர் சொன்ன அளவு வேறு என்றால் அதுவே சரி. அளவுமானி இல்லாமல் கைவலுவில் இறுக்கினால் குழாய் நசுங்கி, பாரலாக்ஸ் குமிழ் கனத்துப்போகும். டரட் கூட்டை ஒட்டி ரிங்கை வைக்காதீர்கள். ரெட்டிகிளைத் தூக்குநூலுக்கு நேராக நிறுத்துங்கள்: ஒரு டிகிரி சாய்ந்தால் 30 எம்ஓஏ ஏற்றத்தில் அரை எம்ஓஏ பக்கவாட்டில் தள்ளும், அதாவது ஓர் எக்ஸ் வளையத்தின் அகலம்.

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். நாடாவால் அளந்த 100 கஜத்தில் பலகை ஒன்றில் தூக்குநூல் கட்டி, கீழ்ப்புள்ளியிலிருந்து 31.4 அங்குலம் மேலே இன்னொரு புள்ளி வையுங்கள். அது 30 எம்ஓஏ. ஸ்கோப்பைக் கனமான பிடிப்பானில் அசையாமல் இறுக்கி, ரெட்டிகிளை ஒரு புள்ளியில் வைத்து 30 திருகினால் நூலைப் பிடித்துக்கொண்டே அது மற்றப் புள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். பத்து முறை போய்வரச் செய்து, திரும்பும் இடம் ஒன்றேயா என்று பாருங்கள். பிறகு டரட்டைத் தொடாமல் ஜூமை மட்டும் அடியிலிருந்து முடிவரை சுழற்றுங்கள். நடுப்புள்ளி நகரக் கூடாது. மொத்த அளவில் இரண்டு சதவீதம் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். சோதனைச் சுடுதலில் அது சரியாகிவிடும். ஒருமுறை ஓரிடத்துக்கும் மறுமுறை வேறிடத்துக்கும் திரும்பினால், பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள்.