விரைவீக்கத்துக்கு ‘ஒரே ஊசி’ வைத்தியம்: தயவுசெய்து போகாதீர்கள்

மூலம், பௌத்திரம், விரைவீக்கம் எல்லாம் ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் குணம் என்று பஸ் ஸ்டாண்ட் சுவர்களில் ஒட்டியிருப்பார்களே, அப்படி ஒரு இடத்தில்தான் என் அப்பா ஏமாந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். வெளியே சொல்லக் கூச்சப்படும் ஆண்களை வைத்தே இவர்கள் பிழைக்கிறார்கள். அதனால் அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கும்பகோணம் பக்கம். யானைக்கால் நோய் தலைமுறைகளாக இருந்த பகுதி. கொசு வழியாகப் பரவும், அந்த நோயை உண்டாக்கும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுப்பதால், காலில் மட்டுமல்ல, விரைப்பையிலும் நீர் கோத்துக்கொள்ளும். அப்பாவுக்கு வந்த விரைவீக்கம் அதுதான். வலி இல்லை. வீக்கம் மட்டும் வருஷக்கணக்கில் மெல்ல வளர்ந்தது. வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே வயலுக்குப் போய்வந்தவர், எங்களிடம் சொல்லாமல் அந்தக் கிளினிக்குக்குப் போய்விட்டார்.

அங்கே ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்து, ஏதோ மருந்தை உள்ளே செலுத்தி, 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். என்ன மருந்து என்று சீட்டில் எழுதவில்லை. பில்லும் தரவில்லை. வீக்கம் வற்றியதில் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நாளிலேயே பழையபடி நீர் கோத்தது. மறுபடி காசு, மறுபடி ஊசி. இந்த முறை குளிர்காய்ச்சல், சிவப்பு, தொட முடியாத வலி. போன் செய்தால், “சூடு பண்ற சாப்பாடு சாப்பிட்டிருப்பீங்க” என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். உள்ளே சீழ் பிடித்திருந்தது. விரையைச் சுற்றியுள்ள சவ்வுதான் அந்த நீரைச் சுரக்கிறது, அது அப்படியே இருக்கும்வரை எடுத்த நீர் பெரும்பாலும் திரும்ப ஊறும் என்று சர்ஜன் விளக்கினார். ஆபரேஷனில் அந்தச் சவ்வைத் திறந்து, வெட்டியெடுத்தோ, சட்டைப்பையை வெளியே இழுத்துப் புரட்டுவதுபோல் புரட்டியோ தைத்துவிடுகிறார்கள். உடம்பு ஆபரேஷனைத் தாங்காதவர்களுக்கு நீரை எடுத்து மருந்து செலுத்தும் முறையும் உண்டுதான். ஆனால் ஸ்கேன் பார்த்த பிறகு, மருத்துவர் செய்வது அது. குடலிறக்கமும் அதே இடத்தில் வீக்கமாகத் தெரியும். பார்க்காமல் குத்தினால் குடலில் ஓட்டை விழலாம். விரையில் புற்றுக்கட்டி இருந்தாலும் சுற்றி நீர் கோக்கலாம். இதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

முதலில் சீழை வெளியேற்றி, புண் ஆறியபின் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு ஆபரேஷன் செய்தார்கள். சவ்வு தடித்து ஒட்டிக்கிடந்ததால் நேரம் பிடித்தது. கசிவு வடிய டியூப், பிறகு இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடை. பளு தூக்காமல், பைக் ஓட்டாமல் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகும் வீக்கமும் கெட்டித்தன்மையும் வாரக்கணக்கில் இருக்கும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி ஊசிக்காரர்களிடம் போய்விடாதீர்கள். காய்ச்சல், சீழ், திடீர் வீக்கம் என்றால் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே உடனே போங்கள்.

மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பில் இல்லாததால் எங்கள் வாய்வார்த்தை மட்டும்தான் சாட்சி. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஏமாந்திருந்தால், உங்கள் மாவட்ட அலுவலகத்தில் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.